பக்கத்து ஷெட் அண்ணனின் கரண்ட் அட்டை

போன ஞாயிற்றுக்கிழமை பட்டறைப் பரணைச் சுத்தம் செய்தோம். பழைய டூல் பிட் டப்பாக்கள், கண்ணாடி உடைந்த டயல் கேஜ், காய்ந்துபோன கட்டிங் ஆயில் கேன். எல்லாவற்றுக்கும் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வெள்ளை அட்டை கிடந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரண்ட் ரீடிங் எழுதுகிற அட்டை. என்னுடையது இல்லை, பக்கத்து ஷெட் அண்ணனுடையது.

கோவை கணபதியில் ஒரே வரிசையில் ஆறு ஷெட். நாலாவது என்னுடையது, ஐந்தாவதில் அண்ணன் இருந்தார். என்னிடம் கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் ஒன்று, ஒரு லேத், ஒரு மில்லிங். அவரிடம் இரண்டு பழைய லேத். இரண்டு பேருக்குமே பம்ப் கம்பெனிகளின் ஜாப் ஆர்டர்தான் பிழைப்பு. ஷாப்ட் கடைய வேண்டிய இரும்பு ராடு அவர்களுடையது, கூலி மட்டும் நம்முடையது. ஷாப்ட் ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று பீஸ் ரேட்.

அட்டையை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் எண்ணெய்க் கட்டைவிரல் தடம். 2019 டிசம்பர் 640 யூனிட். 2020 பிப்ரவரி 655. ஏப்ரல் வரி காலி. ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை, முந்தைய கணக்குப்படியே கட்டச் சொன்னார்கள், பிறகு சரிக்கட்டினார்கள். ஜூனில் நாலு மாதத்துக்கும் சேர்த்து 520. அதிலும் பெரும்பகுதி மார்ச் 24-க்கு முன்னால் ஓடியது. ஆகஸ்டில் 180. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கொரோனா காலத்துச் சிறுதொழில் நிவாரணத்தைப் பற்றி நான் இவ்வளவு நாளாகச் சொல்ல நினைத்தது எல்லாம் அந்த அட்டையில் இருக்கிறது.

மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144. ஐந்தரைக்கு அண்ணன் லேத்தை நிறுத்தினார். சக்கில் மாட்டிய ஷாப்ட் பாதி கடைந்தபடி அப்படியே நின்றது. ஒரு வாரத்தில் திறந்துவிடுவோம் என்று நினைத்து ஷட்டரை இறக்கினோம். மே மாதம் திறந்தபோது கடைந்த பாதி செம்மண் நிறத்தில் துரு ஏறிக் கிடந்தது, கடையாத பாதி ராடு வந்த கறுப்பிலேயே இருந்தது. எமரித் தாளால் தேய்த்துப் பார்த்தார். அளவு போய்விட்டது. அந்த ஒரு ராடுக்கான காசைக் கம்பெனி பில்லில் பிடித்துக்கொண்டது.

இடையில் மே 13-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவிப்பு வந்தது. சிறு, குறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய், புதிதாக ஜாமீன் வேண்டாம், அரசே உத்தரவாதம். அன்று ராத்திரி எங்கள் ஷெட் வரிசைக்காரர்கள் எல்லோரும் போனில் மாற்றி மாற்றிப் பேசினோம். அந்தத் தொகையைக் கேட்டதும் நம் வாசலுக்கும் ஏதோ வரப்போகிறது என்ற நம்பிக்கை எல்லோருக்கும் வந்தது.

விவரம் தெரிய ஒரு வாரம் ஆனது. அது மானியம் இல்லை, கடன். 2020 பிப்ரவரி 29 அன்று உங்கள் பேரில் இருக்கும் கடன் பாக்கியில் 20 சதவீதம் கூடுதலாகத் தருவார்கள். வங்கியில் வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நாலு வருடத் தவணை, முதல் ஒரு வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும். வங்கிக்கு நஷ்டம் வந்தால் அரசு முழுதாக ஈடுகட்டும்.

என் சிஎன்சி மேல் அப்போது 6 லட்சம் பாக்கி. ஆக எனக்கு 1,20,000. முதல் வருடம் மாதம் 925 ரூபாய் வட்டி, அதன்பின் மூன்று வருடம் மாதம் சுமார் 3,830. வங்கியில் முதலில் சுற்றறிக்கை வரவில்லை என்றார்கள். அடுத்த முறை போனபோது வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். புதிதாக ஜாமீன் கேட்கக்கூடாது என்று திட்ட விதியிலேயே இருப்பதை அச்செடுத்துக்கொண்டு மூன்றாவது முறை போனேன். ஜூலை கடைசியில் பணம் வந்தது.

அந்தப் பணம் எனக்கு உதவியது. அதை மறைக்க மாட்டேன். மூன்று மாத வாடகை 27,000. அன்னூரிலிருந்து வரும் தம்பிக்கு அரைச் சம்பளமாவது கொடுத்து நிறுத்திவைத்தேன். ஒடிசாக்காரப் பையன் மே மாதமே ரயிலேறிவிட்டான், திரும்ப வரவழைக்க டிக்கெட் போட்டேன். அது இல்லாமல் இருந்தால் கந்து வட்டிக்குத்தான் போயிருப்பேன்.

தவணை ஒத்திவைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. கட்ட வேண்டாமே தவிர, வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. 11 சதவீதத்தில் என் 6 லட்சத்துக்கு ஆறு மாத வட்டி, வட்டிக்கு வட்டியோடு 33,766 ரூபாய் அசலில் ஏறியது. வட்டிக்கு வட்டி போடுவது நியாயமா என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2 கோடி வரையான கடன்களுக்கு அந்தக் கூடுதலை அரசே ஏற்கும் என்று அக்டோபர் 23 அன்று அறிவித்தார்கள். நவம்பர் முதல் வாரம் என் கணக்கில் 766 ரூபாய் வந்தது. மீதி 33,000 இன்னொரு வருடத் தவணைக்குள் கரைந்தது.

சரி, அண்ணனுக்கு வருகிறேன்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், ஷெட் படியில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வரும் என்று டெலிவரி சலான் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் ஷெட்காரருக்கு 3 லட்சம். எனக்கு 1,20,000. அண்ணன் டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு எவ்வளவுங் தம்பி வரும்?"

"பேங்க்ல லோன் எதாச்சும் இருக்குதுங்ளாண்ணா?"

"நமக்கு ஏதுங் தம்பி லோனு. 22 வருசமா யாருக்கும் ஒத்த ரூவா பாக்கி வெச்சதில்லீங்."

நான் பேனாவை மூடிவிட்டேன். அவருக்கே புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டார்: "அப்ப, கடன் வாங்காம இருந்தது தப்புங்ளா தம்பி?"

இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முதல் லேத்தை ஏலச்சீட்டு எடுத்து வாங்கினார். இரண்டாவதை அக்காவின் (அவர் மனைவியின்) வளையல் விற்று. கடன் இல்லாமல் தொழில் செய்வது கொங்கு நாட்டில் பெரிய மரியாதை. பெண் கொடுக்கும்போதுகூட 'கை சுத்தம், கடன் கிடையாது' என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசுவார்கள். அவருக்குக் கடன் பாக்கி பூஜ்ஜியம், அதனால் நிவாரணமும் பூஜ்ஜியம்.

வேறு வழி இல்லையா என்று பார்த்தோம். முத்ரா என்ற சிறுதொழில் கடன் திட்டத்தில் 50,000 வரையான சிசு கடனுக்கு 2 சதவீத வட்டிச் சலுகை என்றார்கள். அதுவும் மார்ச் 31 அன்று ஏற்கெனவே கடன் வைத்திருந்தவர்களுக்குத்தான். புதுக் கடன் கேட்டுப் போனபோது இரண்டு வருட வருமான வரிக் கணக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் கேட்டார்கள். வருடக் கூலி 20 லட்சத்துக்குள் இருப்பவருக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை என்று சட்டம் சொல்கிறது. சட்டம் வேண்டாம் என்று விட்ட அதே காகிதம் இல்லை என்று வங்கி அவரைத் திருப்பி அனுப்பியது. ரேஷன் கார்டுக்கு மாநில அரசு கொடுத்த 1,000 ரூபாயும் அரிசி பருப்பும் வந்தது. அது வீட்டு அடுப்புக்கு, லேத்துக்கு அல்ல.

கடைசியில் அக்காவின் செயின் அடகுக்குப் போனது. அந்த ஆகஸ்டில்தான் வங்கிகள் நகை மதிப்பில் 75-க்குப் பதில் 90 சதவீதம் வரை கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி தளர்த்தியது. கழுத்தில் தங்கம் இருந்தவர்களுக்கு அது ஒன்று கிடைத்தது.

பாக்கி வர வேண்டிய கதையும் இருக்கிறது. அதே மே அறிவிப்பில், அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் சிறுதொழில்களுக்குத் தர வேண்டியதை 45 நாளில் தீர்ப்பார்கள் என்றார் அமைச்சர். நல்ல விஷயம்தான். எங்களுக்குப் பாக்கி வைத்திருந்ததெல்லாம் தனியார் கம்பெனிகள். 45 நாளைக்குமேல் இழுத்தால் வட்டி கட்ட வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த மாதம் ஆர்டர் வராது என்பது கோவையில் லேத் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு ஒரு கம்பெனி 84,000 வைத்திருந்தது. தீபாவளிக்குப் பிறகுதான் வந்தது, மூன்று தவணையாக.

2021 அதைவிட மோசம். மே 10-ஆம் தேதி மறுபடி முழு ஊரடங்கு. மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு வந்தபோதும் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் என நம் பக்கம் பூராவும் பூட்டியே இருந்தது. எனக்கு அதே கடன் திட்டத்தில் மறுபடி இன்னொரு 10 சதவீதம் கிடைத்தது. இந்த முறையும் அளவுகோல் கடன் பாக்கிதான். அண்ணன் ஆடி மாதம் ஒரு லேத்தை விற்றார். 1,10,000 சொன்னார், 65,000-க்குப் போனது. அதில் செயினை மீட்டார். ஷெட்டைக் காலி செய்து மற்ற லேத்தை என் ஷெட் மூலையில் இறக்கினோம்.

என் மனைவியின் அண்ணன் மகன் பர்மிங்காமில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். அங்கே வேலை நிறுத்திவைக்கப்பட்டவர்களின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை அரசாங்கமே கொடுத்தது என்று அப்போது சொன்னான். அமெரிக்காவில் சிறுதொழில்களுக்குக் கொடுத்த கடனில், ஆட்களை வைத்திருந்து பெரும்பகுதியைச் சம்பளத்துக்குச் செலவழித்தவர்களுக்குத் தள்ளுபடியே செய்தார்கள். நம் நாட்டால் அவ்வளவு முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். நான் பார்ப்பது தொகையை அல்ல, எதை வைத்து அளந்தார்கள் என்பதை. அங்கே சம்பளத்தை வைத்து அளந்தார்கள். இங்கே கடனை வைத்து.

அண்ணன் மாதிரி ஆளுக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது, அவரேதான் முதலாளி, அவரேதான் டர்னர். ஆனால் மீட்டர் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அரசு ஊழியரே வந்து எழுதிப் போன கணக்கு அது. லேத் ஓடினால் யூனிட் ஏறும், நின்றால் நிற்கும், அதில் பொய் எழுத முடியாது. முந்தைய வருடச் சராசரியில் யூனிட் எவ்வளவு குறைந்ததோ அதை வைத்து ஒரு தொகையைக் கணக்கிட்டு, அடுத்து வரும் கரண்ட் பில்களில் கழித்திருந்தால் ஒரு விண்ணப்பமும் தேவைப்பட்டிருக்காது. ஷெட் வாடகைக்கு என்றால் இணைப்பு ஓனர் பேரில் இருக்குமே என்று கேட்பீர்கள். உண்மை. பில் கட்டுவது வாடகைக்காரர்தான், கழிவும் தானாக அவருக்கே போய்ச் சேரும்.

அண்ணனுக்கு இப்போது 61. காலை பத்திலிருந்து ஐந்து வரை என் மூலையில் ஷாப்ட் கடைகிறார். அட்டையைக் காட்டினேன். ஏப்ரல் காலி வரியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து அவருக்கு உத்யம், அதாவது சிறுதொழில் என்று அரசிடம் பதிகிற பதிவு, செய்தோம். காசு கிடையாது, ஆதாரும் பான் கார்டும் போதும், ஜிஎஸ்டி இல்லாதவர்களுக்கு 2023-லிருந்து உத்யம் அசிஸ்ட் என்று தனி வழியும் இருக்கிறது. இன்னும் பதியாத பட்டறைக்காரர்கள் பதிந்துவிடுங்கள். வெளியே ஆயிரம் ரெண்டாயிரம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். தொழில் தொடங்கிய தேதி கேட்டது. 1998 தை மாதம் என்றார், யோசிக்கவே இல்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கோவையோ திருப்பூரோ ஈரோடோ, உங்கள் பட்டறையின் 2020, 2021 வெள்ளை அட்டை வீட்டில் எங்காவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அண்ணனுடையதையும் என்னுடையதையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இன்னொரு நாற்பது ஐம்பது அட்டை சேர்ந்தால் கலெக்டர் ஆபீஸில் மனுவோடு வைத்துக் கொடுக்கலாம்.