நகம் கடிக்கிறது பயத்திலயோ?

போன கிழமை மகளின்ர கொப்பியில டீச்சர் எழுதி விட்டிருந்தா, பிள்ளை வகுப்பில ஒரே நகம் கடிக்கிறா, வீட்டில ஏதும் பிரச்சினையோ எண்டு. வீட்டில என்ன பிரச்சினை, பிரச்சினையே நான்தான். நாப்பதை எட்டிப் பிடிக்கப் போறன், இன்னும் கடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். அம்மா கொப்பியை வாசிச்சிட்டு மகளைப் பாக்கேல்ல, என்ர கையைத்தான் பாத்தா.

எங்கட பக்கம் நகம் கடிக்கிறவனைக் கண்டா ரெண்டு கதைதான். ஒண்டு, வீட்டுக்குத் தரித்திரம். மற்றது, பயந்தாங்கொள்ளி. எனக்கு ரெண்டாவதுதான் கிடைச்சது. "சண்டைக்குள்ள வளந்த பிள்ளை, ஷெல்லுக்குப் பயந்து பழகினது" எண்டு சித்தி வாறவை போறவைக்கெல்லாம் சொல்லுவா, நானும் கன காலம் அப்பிடித்தான் நம்பினனான். பேந்து ஒருநாள் யோசிச்சுப் பாத்தா கணக்குச் சரிவரேல்ல. ஷெல் விழேக்க பங்கருக்குள்ள ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கொண்டெல்லோ இருப்பம், கடிக்கக் கை எங்க மிச்சம்? நான் கடிச்சதெல்லாம் அதுக்குப் பிறகு, சத்தம் அடங்கி, வெளிய போகலாமோ இன்னும் பொறுக்கிறதோ எண்டு பெரியாக்கள் குசுகுசுக்க, செய்யிறதுக்கு ஒண்டுமில்லாம மண்மூட்டையில சாஞ்சுகொண்டு இருக்கேக்கதான். இல்லாட்டி கரண்ட் இல்லாத அந்த வருஷங்களில ஜாம் போத்தல் விளக்குக்கு முன்னால இருந்து விடை வராத கணக்கோட மல்லுக்கட்டேக்க. டியூசனிலயும் அப்பிடித்தான், கிடுகுக் கொட்டிலுக்குள்ள வாங்கில நெருக்கிக்கொண்டு மூண்டு மணித்தியாலம் இருக்க வேணும், மாஸ்டர் மைக்கில கத்திக்கொண்டு நிப்பார், முதல் அரை மணித்தியாலத்திலயே கை வாய்க்குப் போயிடும்.

பயம் இல்லை, சும்மா இருக்கேலாமை, இல்லாட்டி ஒரு அலுவல் கைகூடாத எரிச்சல். இது என்ர கண்டுபிடிப்பு எண்டு பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தன், பாத்தா 2015இல கனடாவில மொன்றியல் ஆராய்ச்சி ஆக்கள் இதைச் செய்தே பாத்திட்டினம். 48 பேர், பாதிப்பேர் நகம் கடிக்கிற, முடி பிடுங்கிற, தோல் கிள்ளிற ஆக்கள், மிச்சம் அப்பிடி இல்லாதவை. பிளேன் விழுற படம் போட்டுப் பதற வைக்கிறது, கடல் அலையைக் காட்டி ஆற வைக்கிறது, கஷ்டமான புதிரைக் குடுத்து "இது சுகம்தான்" எண்டு சொல்லி எரிச்சலாக்கிறது, பிறகு ஒரு அறைக்குள்ள தனிய விட்டு அலுப்படிக்க விடுறது. ஆறுதலா இருக்கேக்க பழக்கக்காரருக்கு அந்த உந்தல் குறைவு, பதட்டத்தில கூடுது, அலுப்பிலயும் எரிச்சலிலயும் கூடத்தான் கூடுது. அந்தப் புதிர் எனக்கு எங்கட கணக்குக் கொப்பியை ஞாபகப்படுத்திப்போட்டுது. எல்லாம் செப்பமா இருக்க வேணும் எண்டு நினைக்கிற ஆக்களிட்டத்தான் இந்தக் குணம் கூட எண்டு அவை சொல்லினம், அது எனக்கு நூறு வீதம் பொருந்தும், ஏனெண்டா நான் சும்மா இருக்கிற நகத்தைக் கடிக்கிறதில்ல, எங்கயாவது ஒரு மூலை பிசிறா நிண்டா அதை ஒருக்கா சமப்படுத்துவம் எண்டு தொடங்கி, சமப்படுத்த இன்னொரு பிசிறு வந்து, கடைசியில ரத்தத்தில போய் முடியும். 2013இல வந்த அமெரிக்க மனநல வைத்தியர்களின்ர கைநூலில, நகக்கடியை, அது முத்தி ஆளை வருத்தினா, கை கழுவிக் கழுவித் திரியிற வருத்தத்தின்ர சொந்தக்காரர் பக்கம்தான் வைச்சிருக்கினம். பழைய உளவியல் பெரியவர் பிராய்ட் ஐயா வாய்ப் பருவம், பால்குடி எண்டு ஏதோ சொன்னவர், அதை இப்ப ஆர் கேக்கினம்.

மருந்துகள் நான் பாக்காததில்ல. அம்மம்மா வேப்பெண்ணெய் பூசுவா, ரெண்டு கிழமையில அந்தக் கைப்பு பழகிப் போட்டுது, பிறகு அது இல்லாட்டித்தான் என்னவோ மாதிரி. நகச்சுத்து வந்து விரல் வீங்கித் தேசிக்காயைக் குடைஞ்சு விரலில தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனதும் உண்டு, பெடியள் என்னை ஒரு தவணை முழுக்கத் தேசிக்காய் எண்டுதான் கூப்பிட்டவங்கள். பூச்சிக் குளிசையும் மற்றப் பிள்ளையளை விட நான்தான் கூடப் போட்டிருப்பன், வயித்துப் பூச்சியின்ர முட்டை நகத்துக்குள்ளதான் ஒளிச்சிருக்கும். பிறகு கனடாவில இருக்கிற மச்சாள் ஒரு கைப்பு நெயில் பாலிஷ் அனுப்பினா. அதுக்குள்ள இருக்கிற சாமான் டெனடோனியம் பென்சோயேட், 1958இல ஸ்கொட்லாந்தில நோகாம விறைக்கப் பண்ணிற மருந்து தேடேக்க தற்செயலாக் கண்டுபிடிச்சது, ஸ்பிரிட்டை ஆக்கள் குடிக்காம இருக்கிறதுக்கும் கலக்கிறவை. கைப்பெண்டா அப்பிடி ஒரு கைப்பு, அந்தக் கையால குழைச்ச சோறும் கைச்சுது, அண்டைக்கே தூக்கி வைச்சாச்சு.

நியூசிலாந்தில டுனிடின் எண்ட ஊரில 1972, 73இல பிறந்த ஆயிரம் சொச்சம் பிள்ளையளைத் தொடர்ந்து பாத்துக்கொண்டு வருகினம். அதில விரல் சூப்பாத, நகம் கடிக்காத பிள்ளையளில 49 வீதம் பேருக்கு 13 வயசில தோலில அலர்ஜி காட்டினது, ரெண்டில ஒண்டாவது செய்த பிள்ளையளில 38, ரெண்டும் செய்ததுகளில 31. ஊத்தை உள்ள போய் உடம்பு பழகுதாக்கும். இதை நான் பெருமையா மனிசிக்குச் சொல்ல, "அப்ப ஆஸ்துமாவும் குறைஞ்சதோ?" எண்டு கேட்டா. இல்லை, அதில வித்தியாசம் காணேல்ல. கதை அதோட முடிஞ்சுது.

கொஞ்சமாவது சரிவந்தது ஒண்டே ஒண்டு. 1973இல அஸ்ரின், நன் எண்டு ரெண்டு உளவியல் ஆக்கள் எழுதின, பழக்கத்தை மாத்திற முறை. கை வாய்க்குப் போறதை முதல் கவனிக்கப் பழக வேணும், அதுதான் கஷ்டம், ஏனெண்டா பாதி நேரம் எங்களுக்கே தெரியாது. கண்டவுடன கையை வேற ஒரு வேலைக்கு விட வேணும், பொத்திப் பிடிக்கிறது, ஏதாவது ஒரு சாமானை இறுக்கிக்கொண்டு இருக்கிறது, ஒரு நிமிஷமாவது. நான் இதோட நகவெட்டியையும் சேட் பொக்கற்றில வைச்சுக்கொண்டு திரியிறன், பிசிறு நிண்டா உடன வெட்டிப்போடலாம். மாசம் ஒரு 3 மில்லிமீற்றர்தான் நகம் வளரும் எண்டபடியால அவசரப்பட்டு வேலையில்ல, இப்ப சின்ன விரல் ரெண்டிலயும் வெள்ளை விளிம்பு தெரியுது.

மகளோட ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறன். "கடிக்காத" எண்டு ஆரும் சொல்லப்படாது, டீச்சருக்கும் சொல்லியாச்சு, ஏச்சு விழ விழப் பிள்ளை ஒளிச்சுக் கடிக்கப் பழகுமே ஒழிய விடாது. கண்டா சத்தமில்லாம ரெண்டு தட்டு, அவ்வளவுதான். நேற்று பெற்றோல் செட்டில கியூ, வெயில், முன்னால ஒருத்தர் கலனோட நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கிறார். பின்னுக்கு இருந்து முதுகில ரெண்டு தட்டு விழுந்திது. கையை எடுத்து ஹாண்டிலை இறுக்கிப் பிடிச்சன். கொஞ்சத்தால திரும்பவும் ரெண்டு. "இப்ப நான் கடிக்கேல்லையே பிள்ளை" எண்டன்.

"இல்லையப்பா, அது எனக்கு."