கடிதம் போட்டுக் கூப்பிடுகிறார்கள்

மதுரையில் மகப்பேறு மருத்துவத்தில் எம்.எஸ். முடித்து, தனியாகச் சிசேரியன் செய்துகொண்டிருந்தவளுக்கு லண்டனில் கிடைத்தது மறுபடியும் ஜூனியர் வேலை. மான்செஸ்டரில் வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் இரண்டாம் கட்டத் தேர்வு, பிரிட்டன் மருத்துவக் கவுன்சிலான ஜிஎம்சியில் பதிவு, அப்புறம் மகப்பேறு மருத்துவத் தேர்வான எம்ஆர்சிஓஜி மூன்று பாகம். ஊரில் 3 ஆண்டில் முடிகிற துறைக்கு இங்கே 7 ஆண்டுப் பயிற்சி. பெண்கள் புற்றுநோய் என்றால் அதற்கும் மேலே போட்டி போட்டுத் தனி இடம் பிடிக்க வேண்டும். "இன்னும் எத்தனை பரீட்சைடி?" என்று கேட்பதை அம்மா எப்போதோ விட்டுவிட்டார்.

பரீட்சையைவிட நோயாளிகள்தான் எனக்குப் புதிது. ஊரில் பார்த்தது பெரும்பாலும் முற்றிப்போன கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஆபரேஷனுக்குக் காலம் கடந்திருக்கும், கதிர்வீச்சுக்கு அனுப்புவோம். இங்கே அதிகம் வருவது கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோய். மாதவிலக்கு நின்ற பிறகு லேசாக ரத்தம் பட்டாலே ஓடி வந்துவிடுகிறார்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இங்கே குறைவாக இருப்பதன் காரணம் புரிந்தது ஒரு கடிதத்தால். ஜிபி எனும் குடும்ப டாக்டரிடம் பெயர் பதிந்த கொஞ்ச நாளில், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லி எனக்கே கடிதம் வந்தது. 25 முதல் 64 வயதுவரை எல்லாப் பெண்களுக்கும் வருமாம். அதோடு, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கு 2008 முதல் பள்ளியிலேயே தடுப்பூசி. 12–13 வயதில் அது வழங்கப்பட்ட தலைமுறையில் இங்கிலாந்தில் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021-ல் ஆய்வு வந்தது. எந்த சர்ஜனாலும் இதைச் சாதிக்க முடியாது.

ஆனால் கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாம் பக்கத்து நம் தமிழ்ப் பெண்கள் பலர் அந்தக் கடிதத்தைப் பிரிப்பதே இல்லை. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே டொக்டர், பிறகு ஏன் வரோணும்?" என்றார் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. பரிசோதனையில் எச்பிவி இருக்கிறது என்று வந்துவிட்டால் இன்னும் சிக்கல். உடலுறவில் பரவுகிற வைரஸ் என்றதும் முகம் மாறிவிடும். கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இது ஏறக்குறைய எல்லோருக்கும் ஒருமுறையாவது வருவது, பல ஆண்டு சத்தமில்லாமல் உள்ளேயே இருக்கக்கூடியது, யாரையும் சந்தேகிக்க இதில் ஒன்றுமில்லை என்று தமிழில் சொல்வேன். பிறகு அவரையும் கூப்பிட்டு மறுபடி முதலிலிருந்து. பரிசோதனைக்குப் பெண் நர்ஸ் வேண்டுமென்று கேட்கலாம், உள்ளே வைத்துப் பார்க்கும் கருவியைச் சின்னதாகக் கேட்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்வேன். அதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். அடுத்த நோயாளி வெளியே காத்திருப்பார், கிளினிக் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து என்னை முறைப்பார்.