இறங்கிப் பார்க்காத பாலம்

மூன்று நாளாக விடாத மழை. இங்கே கர்க்கடகம், நமக்கு ஆடி. கேரளத்துக் குளத்துப்புழையில் ரப்பர்க் காட்டை ஒட்டித்தான் எங்கள் வீடு. மழை வெறித்த பிறகும் இலைகள் நெடுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். மழை தோர்ந்தாலும் மரம் பெய்யும் என்று மலையாளத்தில் சொல்வார்கள். இந்த ஊருக்கு வந்து நான் கற்றுக்கொண்ட முதல் சில வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர்ப் பால் வெட்டியவள் நான். மழை என்றால் கூலி இல்லாத நாள். பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காது, மரமெல்லாம் பரவி ஒழுகும். சிரட்டையில் விழுந்ததையும் மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டும் வழக்கம் வந்த பிறகு கொஞ்சம் வேலைநாள் மிஞ்சியது. ஓய்வு பெற்ற பின் வரும் முதல் ஆடி இது. வானம் இருட்டியதும் வயிறு கலங்காமல் சன்னலோரம் உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிதாக இருக்கிறது.

கலெக்டர் லீவு விட்டதால் பேத்தியும் வீட்டில்தான். கட்டஞ்சாயாவைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "அம்மாயி, நீங்க சின்னப் பிள்ளையில டூர் போயிருக்கீங்களா?"

போயிருக்கிறேன். ஒரே ஒரு தடவை, கதிர்காமத்துக்கு. அப்போது இலங்கையில், தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் லயத்தில், அதாவது கூலிக்காரர் வரிசை வீட்டில் இருந்தோம். இதே ஆடி மாதம், திருவிழாவுக்குத் தோட்டத்து ஆட்கள் சேர்ந்து ஒரு லாரி பிடித்தார்கள். எனக்கு எட்டு வயது. மாணிக்க கங்கையில் குளித்து ஈரத்துணியோடு நின்றது நினைவிருக்கிறது. சாமி எங்கே என்று அப்பாவைக் கேட்டேன். முருகன் படம் போட்ட திரைதான் தொங்கியது. திரையை விலக்கவே மாட்டார்களாம், கப்புறாளை என்கிற பூசாரி வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் பூசை செய்வாராம். "சாமி உள்ள இருக்காரு, நாம வந்தது அவருக்குத் தெரியும்" என்றார் அப்பா. அந்தப் பதில் எனக்கு அன்றும் போதுமானதாக இருந்தது, இன்றும் போதும்.

அதற்கப்புறம் நான் செய்த பெரிய பயணம் டூர் இல்லை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. அந்த 5,25,000-இல் எங்கள் வீட்டுக்காரர்கள் ஐந்து பேர். எங்கள் முறை 1977-இல் வந்தது. அப்போது எனக்கு 11 வயது. கோச்சியில், அதாவது ரயிலில் ஏறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னார் போய், ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். கப்பலில் அம்மா டிரங்குப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வந்தாள். கடலைப் பார்க்கச் சொன்னால் பார்க்க மாட்டேன் என்றாள். நான்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தேன்.

தாயகம் திரும்பியவர்களுக்காக 1976-இல் புனலூரில் தொடங்கிய மறுவாழ்வுத் தோட்டக் கழகத்தில் அப்பாவுக்கு வேலை. செங்கோட்டை தாண்டி லாரி மலையேறியதும் மழை பிடித்துக்கொண்டது. ஆரியங்காவு கடந்து கழுதுருட்டி வந்தபோது தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்கி வெளியே பார்த்தேன். ரோட்டோரமாக, மழைக்குள், கருங்கல் வளைவு வளைவாக ஒரு ரயில் பாலம்.

"அப்பா, நம்ம பாலம்! ஊருக்கே திரும்பிட்டோம்!"

எங்கள் தோட்டத்திலிருந்து எல்ல என்கிற ஊருக்கு நடந்தால் வழியில் அப்படி ஒரு பாலம் உண்டு. 1921-இல் கட்டியது, இரும்பே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் வைத்து. அதற்கு ஒன்பது வளைவு. சிங்களத்தில் அஹஸ் நமயே பாலம என்பார்கள், ஒன்பது ஆகாசம் உள்ள பாலம். அடியில் நின்று அண்ணாந்தால் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு துண்டு வானம் தெரியும். அங்கிருந்து கோச்சி தெமோதரை ஸ்டேஷனுக்கு வந்து, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். பிள்ளைகள் நாங்கள் மேலே நின்று காலுக்குக் கீழே அது அதிர்வதற்காகக் காத்திருப்போம்.

அப்பா லாரியிலிருந்து விரல்விட்டு எண்ணினார். "இது பதிமூணு, பாப்பா" என்றார். அவ்வளவுதான். அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

பதிமூன்று கண் பாலத்தை அதற்குப் பிறகு நூறு தடவைக்கு மேல் கடந்திருப்பேன். தென்காசியில் கல்யாணம், கடையநல்லூரில் சாவு, இலஞ்சியில் நேர்ச்சை, எதற்குப் போனாலும் அந்த ரோடுதான். பஸ் நிற்காது. நின்றாலும் நான் இறங்கியதில்லை. ஆரியங்காவு சாஸ்தா கோயிலுக்கே மூன்று முறை போயிருக்கிறேன், வழியில் இதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. அல்லது தோன்றாதபடி வைத்துக்கொண்டேன். வந்த புதிதில் இந்த மண்ணில் எனக்குப் பழக்கமாயிருந்தது அட்டைப்பூச்சி ஒன்றுதான். அங்கே கொழுந்துக்காட்டில் காலில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு போனது போலவே இங்கே ரப்பர்க்காட்டுக்கும் போனோம். மொழி, சோறு, ரேஷன் அரிசி, பள்ளிக்கூடம் எல்லாம் வேறு. இதில் சுற்றிப் பார்க்கும் எண்ணம் எங்கிருந்து வரும்? நடப்பதெல்லாம் வேலைக்கு, போவதெல்லாம் காரியத்துக்கு. பார்ப்பதற்கென்றே ஒரு இடத்துக்குப் போகலாம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத பழக்கம்.

பேத்தி எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். "இப்ப எழுதலாம், மழை தோர்ந்ததும் போலாம்" என்றாள். அவள் மலையாளத்தில் எழுத, நான் எதிர்ப்பக்கத்தில் தமிழில் எழுதினேன். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. அடுத்த மழை லீவில் அ, ஆ தொடங்கிவிட வேண்டும்.

அவள் முதலில் எழுதியது பாலருவி. நான் தடுத்தேன். 300 அடி உயரத்திலிருந்து பால் போல இறங்குகிற அருவிதான், ஆனால் தண்ணீர் அதிகமானால் வனத்துறை கேட்டைச் சாத்திவிடும். மகன் ஒரு வருஷம் ஆசையாகக் கூட்டிப் போய், கேட்டுக்கு எதிரே சாயாக்கடையில் பழம்பொரி தின்றுவிட்டுத் திரும்பினோம். ஆவணி முடியட்டும். தென்மலை அணைக்கட்டும் படகும் அப்போதே. செந்துருணிக் காட்டுக்கு அந்தப் பெயர் ஒரு மரத்தால் வந்தது. செங்குருணி என்கிற அந்த மரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் தனி ஆசை. மரத்தோடு பிழைத்தவளுக்கு அது இருக்கும்தானே.

புனலூர் தொங்குபாலம் மழையிலும் போகலாம். 1877-இல் கல்லடையாற்றின் மேல் கட்டியது, இப்போது நடந்துபோக மட்டும். உறுதியைக் காட்டுவதற்காக மேலே யானைகளை நடக்கவிட்டு, கட்டிய என்ஜினியர் குடும்பத்தோடு கீழே படகில் உட்கார்ந்திருந்தாராம். கதைதான், ஆனால் பேத்திக்குப் பிடித்துவிட்டது, யானைப் படம் வரைந்துவிட்டாள்.

பிறகு ரயில். கொல்லம்–செங்கோட்டைப் பாதை 1904-இலிருந்து ஓடியது. அகலப்பாதைக்காக 2010-இல் இந்த மலைப்பகுதியில் நிறுத்தி, 2018-இல்தான் முழுதாகத் திறந்தார்கள். தென்மலையில் ஏறினால் பதிமூன்று கண்ணின் மேலேயே போய், ஆரியங்காவுச் சுரங்கம் தாண்டி, அந்தப் பக்கம் சாரலில் இறங்கலாம். இங்கே கொட்டித் தீர்க்கும் காற்றுதான் கணவாய் வழியாகப் போய் குற்றாலத்தில் சாரலாக விழுகிறது. ஒரே மழையின் இரண்டு குணத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

"ஒன்பது ஆகாசத்துக்கு?" என்று கேட்டாள்.

2023 அக்டோபரில் இலங்கைக்கு நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் ஓடத் தொடங்கியபோது என் வீட்டுக்காரர் அந்தச் செய்தியை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்று நோட்டில் எழுதினேன்: பாஸ்போர்ட், மூன்று பேருக்கு. எழுதும்போது கை நடுங்கியது நிஜம்.

ஆனால் வரிசையில் முதலில் கழுதுருட்டிதான். இந்த ஞாயிறு, மழை பெய்தாலும். பஸ்ஸில் போய் பாலத்துக்குப் பக்கத்திலேயே இறங்கிவிட வேண்டும். அடியில் நின்று பதிமூன்றையும் எண்ண வேண்டும். மேலே வண்டி போகும்வரை நிற்கலாமா என்று பேத்தி கேட்டாள், நிற்கலாம் என்றேன். சமையல்கட்டிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "தேங்காய் ரொட்டியா, கட்டுச்சோறா?"

ரொட்டியும் கட்டச்சம்பலும். கோச்சிக்கு அம்மா கட்டிக்கொடுத்ததும் அதுதான்.