தொலைநிலையில் தொழிலாளர் பொருளாதாரம்: ஆறு மாதம் எங்கே போனது

தொலைநிலைக் கல்வியில் எடுத்த தொழிலாளர் பொருளாதாரத் தாள் முடிந்து மதிப்பெண்ணும் வந்துவிட்டது. ஆனாலும் நடுவில் பறிபோன ஒரு பருவத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 'உங்கள் வேகத்தில் படிக்கலாம்' என்ற வரியை நம்பி அசைன்மென்டை ஆறப்போட்டதுதான் வினை. வினாக்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். பழைய பருவத்து வினாவுக்கு எழுதிய விடைகளைப் படிப்பு மையத்தில் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து விசாரித்தபோதுதான் செல்லாது என்றார்கள். வாங்கியவர் முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

எழுத உட்காரும் நாளன்றே நடப்புப் பருவத்து வினாத்தாளை இறக்கி, அதை விடைக்கு மேல் வைத்துத் தைத்துவிடுங்கள். முத்திரையும் தேதியும் உள்ள ரசீது கைக்கு வராமல் அங்கிருந்து நகர வேண்டாம். முழுக்கட்டையும் ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

உழைப்பு அளிப்பு, அதில் வரும் வருமான விளைவு, பதிலீட்டு விளைவு எல்லாம் நுண்ணியல் பொருளாதாரம் படித்தவர்களுக்கு ஒரு வாரப் பாடம். மதிப்பெண் போகும் இடம் குறைந்தபட்சக் கூலி. போட்டிச் சந்தைப் படத்தை மட்டும் போட்டு 'வேலைவாய்ப்பு குறையும்' என்று முடித்தால் பாதிதான் கிடைக்கும். மோனாப்சனி, அதாவது ஆள் எடுப்பவர் ஒருவரே இருக்கும் சந்தையின் படமும் வேண்டும், அதை எண்ணோடு விளக்குங்கள்: 400 ரூபாய்க்கு 10 பேர், 11-ஆவது ஆள் 410 கேட்டால் எல்லோருக்கும் 410 தர வேண்டும். செலவு 4,000-லிருந்து 4,510. அந்த ஓர் ஆளைச் சேர்ப்பதால் கூடும் செலவு, அதாவது இறுதிநிலைச் செலவு, 510; அவர் கூலியோ 410. இந்த இடைவெளி இருப்பதால்தான் கூலியை ஓரளவு உயர்த்தியும் ஆட்களைக் கூட்ட முடிகிறது. கூடவே பொருளாதார அறிஞர்கள் கார்டும் க்ரூகரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வைச் சேருங்கள். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்துப் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டு 410 துரித உணவகங்களைப் பார்த்தார்கள்; வேலைவாய்ப்பு குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

பாடநூல் பழசு என்பதையும் மனத்தில் வையுங்கள். கைக்கு வந்த நூலில் 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இருந்தது. அது உட்பட 29 சட்டங்களை அடக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. விடையில் இரண்டையும் எழுதி, எது எப்போது பொருந்தும் என்று சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

அதிக நாளைத் தின்றது பி.எல்.எஃப்.எஸ். தரவு, அதாவது வேலைவாய்ப்பு பற்றி ஒன்றிய அரசு வீடுவீடாக எடுக்கும் கணக்கெடுப்பு. திட்டக் கட்டுரைக்கு அதன் அலகு நிலைக் கோப்புகளை (ஒவ்வொரு வீடும் ஆளும் தனித்தனியாகப் பதிவான தரவை) இலவசமாகவே இறக்கலாம். திறந்தால் தலைப்பே இல்லாத எண் வரிசைதான் தெரியும். எந்த இலக்கம் எதைக் குறிக்கிறது என்பது கூடவே வரும் லேஅவுட் எக்ஸெலில் இருக்கிறது. அதைப் பார்த்து ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்ற வேண்டும்.

அடுத்த பொறி, கோப்புக் கலப்பு. 2025-க்கு முந்தைய சுற்றுகளில் நகர்ப்புற வீடுகளுக்கு நான்கு முறை போனார்கள், கிராமத்துக்கு ஒரே முறை. முதல் வருகைக் கோப்பையும் மறுவருகைக் கோப்பையும் சேர்த்தால் நகரம் ஊதிவிடும். ஆண்டுக் கணக்குக்கு முதல் வருகை மட்டும் போதும். ஒவ்வொரு பதிவும் எத்தனை பேருக்குச் சமம் என்று சொல்லும் எடையைச் சேர்க்க மறந்தால் எந்த எண்ணும் அரசின் அறிக்கையோடு ஒட்டாது: கோப்பில் உள்ள NSS, NSC என்ற இரு பத்திகளும் சமமானால், எடைக்காகத் தரப்பட்டிருக்கும் பெருக்கியை 100-ஆலும், இல்லையென்றால் 200-ஆலும் வகுத்து, பிறகு காலாண்டுகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும்.

ஒருவர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லும் நிலைக் குறியீட்டில் 11 முதல் 51 வரை வேலையில் இருப்போர், 81 வேலையில்லாதோர், 91 முதல் மேலே தொழிலாளர் படைக்கு வெளியே. முதன்மை நிலையில் (ஆண்டின் பெரும்பகுதி செய்ததில்) 92, அதாவது வீட்டு வேலை என்றிருக்கும் பெண், 30 நாளாவது குடும்பத் தொழிலில் உதவியிருந்தால் துணை நிலையில் 21 ஆகிவிடுவார். அந்தப் பத்தியை விட்டால் பெண்களின் உழைப்பே கணக்கிலிருந்து காணாமல் போகும். அறிக்கை சொல்வது இரண்டும் சேர்ந்த நிலையைத்தான்.

சரிபார்க்க ஒரே வழி: 2017-18 கோப்பில் வேலையின்மை விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். அறிக்கையில் உள்ள 6.1 சதவீதம் வந்தால் நீங்கள் எழுதிய நிரல் சரி. திரையில் அது வந்த இரவு கொடுத்த நிம்மதி பெரிது. 2025 ஜனவரியிலிருந்து மாதிரி வடிவமைப்பு மாறியிருப்பதால், புதிய சுற்றுக்கு இந்த வகுத்தலை அப்படியே போடாமல் அதன் குறிப்பேட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.