பூநாரைகள் தலை நிமிரும் தூரம்

கோடியக்கரைக்குக் கேமராவோடு வருகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். பூநாரைகள் (ஃபிளமிங்கோக்கள்) வந்துவிட்டனவா என்பது முதலாவது. எவ்வளவு கிட்டத்தில் போகலாம் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழையும் சதுப்பில் தேங்கிய நீரின் ஆழமும்தான் விடை சொல்லும். இந்தப் பதிவு இரண்டாவது கேள்வியைப் பற்றியது. தை மாத விடுமுறையில் குடும்பத்தோடு அங்கே தங்கிப் பறவைகளைப் படமெடுத்துத் திரும்பியிருக்கிறேன். அந்தச் சதுப்பில் தொலைவைக் குறைக்கப் படாத பாடு படுவதைவிட, தொலைவையும் சேர்த்தே படமெடுப்பதுதான் சரி என்ற எண்ணம் இப்போது எனக்கு வலுவாக இருக்கிறது.

சோழமண்டலக் கடற்கரை தெற்கே ஓடி வந்து, வேதாரண்யத்தைத் தாண்டியதும் மேற்கே மடங்கிப் பாக் நீரிணையைப் பார்க்கத் தொடங்கும் முனையில் கோடியக்கரை இருக்கிறது. 1967ஆம் ஆண்டு முதன்மையாக வெளிமான்களின் பொருட்டுச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் தமிழ்நாட்டின் முதல் இடமாக இது சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அடுத்த பெயர் சேர்வதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. உலர் பசுமைமாறாக் காடும், மான்கள் மேயும் புல்வெளியும், மேற்கே விரிந்து கிடக்கும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பும், அதன் விளிம்பில் உப்பளங்களும் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதால், காலையில் காட்டுப் பறவைகளையும் மாலையில் கடற்பறவைகளையும் ஒரே ஊரில் தங்கிப் பார்த்துவிட முடிகிறது. 2018 நவம்பரில் அடித்த கஜா புயல் சாய்த்துவிட்டுப் போன மரங்களைப் பற்றி ஊரார் இன்றும் பேசுகிறார்கள். ஆனால் நான் காட்டுக்காகப் போகவில்லை, சதுப்புக்காகப் போனேன்.

வேடந்தாங்கலில் படமெடுத்துப் பழகியவர்களுக்குக் கோடியக்கரை முதலில் ஏமாற்றமாகத் தோன்றலாம். அங்கே ஏரிக்கரையில் நின்றால் போதும். நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரைகளும் கரண்டிவாயன்களும் மனித நடமாட்டத்துக்குப் பழகி, தம் வேலையைத் தாம் பார்த்துக்கொண்டிருக்கும். குஞ்சு பசித்திருக்கும்போது தாய்ப்பறவைக்குக் கரையில் நிற்கும் நம்மைப் பற்றி எண்ண நேரமில்லை. கோடியக்கரைச் சதுப்புக்கு வருபவையோ கூடு கட்ட வருபவை அல்ல. குளிர்காலத்தைக் கழிக்க வருபவை. அவற்றை ஓரிடத்தில் பிடித்து வைக்கும் கூடோ குஞ்சோ இங்கே இல்லை. ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளியில் நாம் நிமிர்ந்து நடந்தால், நாம் அவற்றைப் பார்ப்பதற்கு வெகுநேரம் முன்பே அவை நம்மைப் பார்த்துவிடுகின்றன.

பூநாரைக் கூட்டம் நம்மைக் கண்டுகொண்டதைத் தெரிந்துகொள்ள முடியும். இரை தேடும்போது அவற்றின் தலைகள் நீருக்குள் தலைகீழாக இருக்கும். வளைந்த அலகின் மேற்பகுதி தரையைப் பார்த்திருக்க, நாக்கு விசைக்குழாய் போல நீரை உள்ளிழுத்துத் தள்ள, அலகின் ஓரத்திலுள்ள சீப்பு போன்ற தகடுகள் சிற்றுயிர்களை வடிகட்டி எடுக்கும். சில பறவைகள் நின்ற இடத்திலேயே காலால் சேற்றை மிதித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றும். நீர் வற்றிய பிறகு அந்த மிதிதடங்கள் சேற்றில் வளையங்களாகத் தெரிவதுண்டு. இந்த நிலையில் கூட்டத்தில் கழுத்துகள் மட்டுமே வளைந்து தெரியும். நாம் கொஞ்சம் நெருங்கியதும் ஓரத்தில் இருக்கும் ஒன்றிரண்டு தலைகள் எழும். இன்னும் நெருங்கினால் எல்லாத் தலைகளும் எழும். அடுத்து கூட்டம் முழுவதும், யாரோ சொல்லிவைத்தது போல ஒரே திசையில், நம்மிடமிருந்து விலகி நடக்கத் தொடங்கும். அதற்கும் அடங்காமல் முன்னேறினால் நீர்மேல் சில அடிகள் ஓடி எழும்பிவிடும்.

நான் வைத்துக்கொண்ட கணக்கு எளிமையானது: ஓரத்துத் தலை ஒன்று எழுந்ததும் நின்றுவிடுவது. அது மீண்டும் குனிந்தால் அங்கேயே உட்கார்ந்துகொள்வது, குனியாவிட்டால் பின்வாங்குவது. இந்தத் தூரம் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கழுகு ஏதேனும் வந்து கலைத்துவிட்டுப் போன பிறகோ, வேறு யாரேனும் துரத்திவிட்ட பிறகோ, நேற்று நம்மைப் பொருட்படுத்தாத தூரத்திலேயே இன்று எல்லாத் தலைகளும் நிமிர்ந்திருக்கும்.

துரத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நான் சேற்றோரத்தில் அமர்ந்திருந்த ஒரு காலையில், பெரிய லென்ஸுகளோடு வந்த ஒரு குழுவினர், சிவந்த இறக்கைகள் விரியும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டார்கள். பறக்கும் பூநாரையின் இறக்கையில் கருஞ்சிறகுகளுக்கு முன்னால் தெரியும் அந்தச் செந்நிறம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆர்க்டிக் பகுதியிலிருந்து வந்து இங்கே உடலைத் தேற்றிக்கொண்டிருக்கும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களும் அந்தக் கைதட்டலில் சேர்ந்தே எழும்புகின்றன என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் காட்டுயிர்களைச் சீண்டுவதைத் தடை செய்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாலும், கலைத்துக் கிளப்பிய கூட்டம் பெரும்பாலும் நமக்கு முதுகைக் காட்டியே பறக்கும்.

பறக்கும் படம் வேண்டுமென்றால் காற்றைப் படிக்கலாம். பறவைகள் எதிர்க்காற்றில்தான் எழும்பும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். நிற்கும்போதும் இறகு கலையாமலிருக்கக் காற்றுக்கு முகம் காட்டியே நிற்கும். தை மாதத்தில் இந்தக் கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசுகிறது. காலை வெயிலும் கிழக்குப் பக்கத்திலிருந்தே வருகிறது. ஆகவே காற்றும் வெயிலும் நம் முதுகுப்புறம் இருக்குமாறு நீரின் கிழக்குக் கரையில் விடியுமுன் போய் உட்கார்ந்துவிட்டால், வந்திறங்கும் பறவை முகம் நம்மைப் பார்த்திருக்க, முன்புறம் முழுவதும் வெளிச்சம் பட, இறக்கையை விரித்தபடி நம்மை நோக்கியே வரும். யாரையும் கிளப்பத் தேவையில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு சிறு கூட்டம் இடம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. மாலையில் வெயில் எதிர்ப்பக்கம் போய்விடுவதால் அதே இடத்தில் நிழலுருவப் படங்கள் மட்டுமே கிடைக்கும். எனக்கு அவற்றில் அவ்வளவு விருப்பமில்லை.

ஈரநிலத்தின் வெளிச்சத்துக்கு இன்னொரு சலுகையும் உண்டு. ஆழமற்ற நீரும் உப்புப் பூத்த தரையும் வெயிலை மேல்நோக்கித் திருப்பி அனுப்புவதால், காட்டில் பறக்கும் பறவையின் வயிறு இருண்டு போகும் இடத்தில் இங்கே இறக்கையின் அடிப்புறம்கூட மெல்லிய ஒளியோடு தெரிகிறது. ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் தாழ்வாகப் பறக்கும்போது இதை நன்றாகக் காணலாம்.

வெண்மைதான் பெரிய தொல்லை. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கிவிடப் பார்க்கும். வெண்கொக்கு ஒன்று கரிய சேற்றுக்கு முன்னால் சிறியதாக நின்றால், கேமரா சேற்றை வெளிச்சமாக்கப் போய்க் கொக்கின் இறகு விவரத்தை அடியோடு வெளுத்துவிடும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைக்க வேண்டும். அதே கொக்கு பளபளக்கும் நீருக்கு முன்னால் படச்சட்டம் நிறைய நின்றால் படம் இருண்டு அழுக்கடைந்தது போலாகும். அப்போது கூட்ட வேண்டும். ஒரு பறவை சில அடிகள் நடந்து பின்னணி மாறுவதற்குள் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவது இயலாத காரியம். அதனால் வெயில் சீராக இருக்கும் காலைகளில் ஒளியின் அளவைத் தீர்மானிக்கும் ஷட்டரையும் அபெர்ச்சரையும் ஐ.எஸ்.ஓ.வையும் நானே நிலையாக வைத்துவிட்டு, இறகின் வெண்மை, ஒளியின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது விளிம்பில் முட்டாமல் நிற்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டேன். பறப்பவற்றுக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2000இல் ஒரு பங்கு; நடப்பவற்றுக்கு அதில் பாதிகூட வேண்டாம்.

எந்த அமைப்பும் சரிசெய்ய முடியாதது கானல். வெயில் ஏறியதும் உப்புத் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று நமக்கும் பறவைக்கும் இடையில் நெளியத் தொடங்குகிறது. தொலைவிலுள்ள பூநாரையின் கால்கள் உருகி நீரில் கலப்பது போலத் தெரியும். ஆட்டோஃபோகஸ் பற்றி விட்டு, பற்றி விட்டுத் தடுமாறும். லென்ஸ் எவ்வளவு நீளமானதோ அவ்வளவு காற்றையும் சேர்த்துத்தான் அது பெரிதாக்கிக் காட்டுகிறது. பலர் இதை லென்ஸின் குறை என்று எண்ணி இன்னும் விலை கூடியதை வாங்கப் போகிறார்கள். வெயில் ஏறிய பிறகு சதுப்பை விட்டுவிட்டுக் காட்டு நிழலுக்குப் போவதே அறிவுடைமை.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தவை பூநாரைகள் அல்ல, கொசு உள்ளான்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் உடல்; எடை 20, 30 கிராம் தேறினால் பெரிது. யூரேசியாவின் ஆர்க்டிக் சமவெளியில் பொரித்து வளர்ந்து, இத்தனை தூரம் பறந்து வந்து, இந்தச் சேற்றில் தையல் எந்திரத்தின் ஊசி போல அலகால் குத்திக்கொண்டே ஓடுகிறது. இவற்றை நின்றுகொண்டு எடுத்தால் பழுப்புச் சேற்றின் மேல் ஒரு பழுப்புப் புள்ளிதான் கிடைக்கும். வயிறு தரையில் படும்படி படுத்து, மணல் நிரப்பிய துணிப்பையின் மேல் லென்ஸைக் கிடத்திவிட்டால், பார்வை உள்ளானின் கண்மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. பின்னணிச் சேறு வெகுதொலைவுக்குத் தள்ளிப்போய் மங்கலாகிவிட, கண்ணில் வெயில் புள்ளியாக மின்னுவதும், அலகு நுனியில் ஒட்டியிருக்கும் சேற்றுத் துளியும், முதுகுச் சிறகுகளின் வெளிறிய விளிம்பும் தனித்தனியாகத் தெரிகின்றன. இன்னொன்றும் நடக்கிறது. படுத்திருக்கும் மனிதனை இவை மனிதனாக எண்ணுவதில்லை போலிருக்கிறது. நாம் நெருங்காமலேயே, இரை தேடும் போக்கில் அவை நம்மை நோக்கி வந்து, லென்ஸ் ஃபோகஸ் செய்ய முடியாத அளவுக்குக் கிட்டத்திலும் கடந்து போகின்றன. தொலைவைக் குறைக்கும் உரிமையைப் பறவையிடம் விட்டுவிட்டால் அது சிலசமயம் மிகத் தாராளமாக நடந்துகொள்கிறது.

இந்த அமைதியைக் கலைப்பதில், சிவந்த கால்களுள்ள கரைப்பறவையான பவளக்காலிக்கு நிகர் வேறு இல்லை. எதையேனும் கண்டு ஐயுற்றால் முதலில் தலையை வெட்டி வெட்டி ஆட்டும். பிறகு கத்திக்கொண்டே எழும்பும். அது எழும்பினால் சுற்றியுள்ள உள்ளான்களும் உப்புக்கொத்திகள் போன்ற மற்றக் கரைப்பறவைகளும் எழும்பிவிடும். ஆகையால் உள்ளானைப் படமெடுக்கும்போதும் ஒரு கண் பவளக்காலியின் மேல் இருக்க வேண்டும்.

உள்ளான்களின் கால்களையும் பார்க்க வேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் நெடுங்காலமாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுகிறது. சிலவற்றின் காலில் வண்ணக் கொடிகளும் இருக்கும். கொடியின் நிறமும் அதிலுள்ள எழுத்தும் எண்ணும் தெரியுமாறு எடுத்த படம், அழகில் எவ்வளவு மோசமாக இருந்தாலும், அந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று ஆராய்கிறவர்களுக்குப் பயன்படும். இறக்கையை மட்டும் நெருக்கமாக வெட்டி எடுத்துக் கால்களைப் படச்சட்டத்துக்கு வெளியே விட்டுவிடும் பழக்கத்தால் இப்படிப்பட்ட தகவல்கள் வீணாகின்றன.

கடைசி நாள் காலையில் நெருக்கப் படம் எதையும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பூநாரைக் கூட்டம், அதற்கு முன்னால் ஊசிவால் வாத்துகள், பின்னால் உப்புக் குவியல்களின் வெள்ளைக் கோடு, அதற்கும் மேலே வானம் என்று எல்லாவற்றையும் அகலமாக எடுத்தேன். மேகத்தால் அன்று கானலும் பிந்தியே எழுந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்தப் படங்களில்தான் பார்க்க நிறைய இருந்தது. நிறம் பிடிக்காத சாம்பல் கழுத்துகளைத் தனியாக எண்ணிக் கூட்டத்தில் இளம்பறவைகள் எவ்வளவு என்று மதிப்பிட முடிந்தது. வலப்பக்க ஓரத்தில், மற்றவற்றின் தோளளவே உயரமுள்ள, அலகு முழுவதும் கருஞ்சிவப்பான, சிறு பூநாரை என்ற வேறு இனப் பறவை ஒன்று நின்றிருந்தது. நேரில் நான் அதைப் பார்க்கவேயில்லை. பறவை பார்ப்போர் தாம் கண்டவற்றைப் பதியும் ஈபேர்டு இணையதளத்தில், அன்றைய பட்டியலில் அதையும் சேர்த்து, சான்றாக அந்த அகலப் படத்தையே ஏற்றியிருக்கிறேன்.