கடைமடையில் ஒரு பாதுகாப்பு வேலிக்கு ஒப்புதல் வாங்கிய கதை

நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடைமடையில், வயல்களுக்கு நடுவே பல ஆண்டுகளாக இயங்கிவரும் ஒரு எரிவாயு சேகரிப்பு நிலையத்தின் வளாக வரைபடத்தைத் திருத்தி ஒப்புதல் பெறும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வெடிபொருள் ஏற்றிய வாகனம் எதுவும் கட்டடங்களை நெருங்க முடியாதபடி வேலியையும் வாயிலையும் தள்ளி அமைப்பதே நோக்கம். நில அளவையும் மண் பரிசோதனையும் சிக்கலின்றி முடிந்தன. இழுத்தடித்தவை காகிதங்கள்தான், அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. அதற்கு முன்பே இயங்கி வந்தவற்றை அது தொடுவதில்லை. எழுத்தரோ கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "புதுசா எதுவும் கட்டக் கூடாது சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய அனுமதியின் நகலை முதல் தாளாக வைத்து, நிறுவனத்தின் பட்டா நிலத்துக்குள்ளேயே வேலி நகர்கிறது என்பதைப் புலப்படத்தில் சிவப்பு மையால் காட்டிய பிறகே மனுவுக்குப் பதிவு எண் கிடைத்தது. இதே வேலைக்குப் போகிறவர்கள் அந்த இரண்டு தாள்களும் இல்லாமல் படியேற வேண்டாம்.

வேலி ஏன் அவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று மேசைதோறும் கேட்டார்கள். வெடிப்பின் தாக்கம் தூரத்தால் வேகமாகக் குறைகிறது: இடைவெளி இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தை உண்டாக்க எட்டு மடங்கு வெடிபொருள் தேவை. 1996 ஜூன் 25 அன்று சவூதி அரேபியாவின் கோபார் கோபுரக் குடியிருப்புக்கு வெளியே, வேலியோரம் நிறுத்தப்பட்ட லாரி வெடித்து 19 அமெரிக்க விமானப்படையினர் இறந்தார்கள். கட்டடத்துக்கும் லாரிக்கும் இடையே ஏறக்குறைய 25 மீட்டர்தான். சுவரைத் தடிமனாக்குவதைவிட நிலத்தை விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் மலிவு என்பதை இதைச் சொல்லித்தான் புரியவைத்தேன்.

உண்மையான சிக்கலைக் கொண்டுவந்தது தண்ணீர். வெளியூர் ஆலோசகர் வறண்ட நிலத்துக்குப் போடுவதுபோல் சுற்றிலும் மண்மேடு வரைந்திருந்தார். எங்கள் களிமண்ணில் அது ஐப்பசி மழைக்கே சரிந்து வடிகாலை அடைத்துவிடும். அதைக் கைவிட்டு, ஏற்கெனவே ஓடும் வடிகால் வாய்க்காலையே வாகனத் தடுப்பாக வைத்துக்கொண்டோம். கரைச்சாலையில் லாரி வேகமெடுக்காதபடி வாயிலுக்கு முன் பாதையில் இரண்டு திருப்பங்கள் சேர்த்தோம்.

வேலி வாய்க்காலைக் கடக்கும் இடத்தில், ஆள் நுழையாதிருக்கக் கம்பிவலை வேண்டும். அதில் ஆகாயத்தாமரை வந்து அப்பிக்கொண்டால் மேலே உள்ள வயல்கள் மூழ்கும். அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று ஒரு பெரியவர், "தண்ணி வடியலேன்னா நட்ட பயிரு அழுகிடும் தம்பி, உங்க காவலுக்கு நாங்க பட்டினி கிடக்கணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் இதே காரணத்தால் நின்றது. அந்தப் பார்வையிடலும் வீண்தான்: வாய்க்காலில் தண்ணீர் ஓடியதால் அடிமட்டத்தை அளக்க முடியவில்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். அதற்கு முன், கோடையிலேயே அளவெடுக்கச் சொல்லுங்கள்.

வேலிக்கு வெளியே செடிகளைத் தடுக்கச் சாய்வான வலை ஒன்று, உள்ளே பூட்டுடன் திறக்கும் கம்பிக்கதவு ஒன்று என இரண்டாகப் பிரித்து வரைந்தோம். மழைக்காலத்தில் இரவிலும் வலையைச் சுத்தம் செய்யும் ஆளை நிறுவனமே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வரைபடத்திலேயே எழுதினோம். அதைப் படித்துப் பார்த்தபின், ஆட்சேபம் கொடுத்திருந்த விவசாயிகளே சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். சான்றும் தாமதமின்றி வந்து சேர்ந்தது.