பி.ரி. சேரின் கயிறும் ட்ரவுட்மனின் கையும்

நம் கல்லூரி உதைபந்தாட்ட அணிகளைப் பற்றி இந்த மலரில் எழுதியவர்கள் எல்லோரும் கோல் அடித்தவர்களைத்தான் எழுதியிருக்கிறார்கள். கோல் காத்தவர்களைப் பற்றியும் யாராவது எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எழுபதுகளில் அந்தக் கம்பங்களுக்கு நடுவே நின்றவன் என்பதால் நானே எழுதுகிறேன்.

எங்களுக்கு அந்த வேலையைப் பழக்கியவர் உடற்பயிற்சி ஆசிரியரான பி.ரி. சேர். மற்றப் பிள்ளைகள் திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, கோல் காக்கும் கோலிகளை மட்டும் தனியாகக் கூப்பிடுவார். இரண்டு கம்பங்களின் அடியிலும் பழைய கரைவலைக் கயிறு கட்டி, மறு நுனிகளை இருபது யார் தள்ளி வைத்த பந்தின் அடியில் முளையடித்து இறுக்குவார். கோட்டின்மேல் நின்று கையை விரித்தால் இரண்டு பக்கமும் கயிறு எட்டாது. ஒவ்வோர் அடியாகப் பந்தை நோக்கி முன்னே வரச் சொல்லுவார். வர வரக் கயிறுகள் நெருங்கி, ஓரிடத்தில் இரண்டு கைவிரல்களிலும் தட்டும். 24 அடி அகலக் கோல் நம் கைக்குள் ஒடுங்கி நிற்கும்.

“இப்ப விளங்குதோ? பாயிறது பிறகு. முதல்ல நிக்கிற இடத்தில நில்லு.”

அளவுக்கு மிஞ்சி முன்னுக்கு வந்தால் பந்து தலைக்கு மேலால் போய்விடும் என்பதையும் அங்கேயே உதைத்துக் காட்டுவார். பாய்ச்சல் பழக்கமெல்லாம் டச்சுக் குடாவின் ஈரமணலில், விடியற்காலையில். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, உடம்பு நொந்தது, பழகியது.

அப்புறம் கச்சான் காற்று. ஆடி மாதத்தில் திருகோணமலையில் அந்தக் காற்றுக்கு எதிராகப் பந்தை உயர உதைத்தவர்களுக்குத் தெரியும், பாதி வழியில் நின்று திரும்பி எதிரணியின் காலடிக்கே வந்து விழும். அதனால் சேர் எங்களை உதைக்க விடமாட்டார். பந்தை உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் அணைத்து, கையை மடக்காமல் தோளுக்கு மேலால் சுழற்றி, பக்கத்தில் ஓடும் நம் ஆளின் காலுக்கு எறிய வேண்டும். பந்தைப் பிடித்த நொடியிலேயே தாக்குதல் தொடங்கிவிட்டது என்பார்.

இந்த எறியும் வித்தையைச் சொல்லும்போதுதான் பேர்ட் ட்ரவுட்மன் என்ற பெயரை முதன்முதலில் கேட்டோம். 1923இல் ஜேர்மனியின் பிரேமன் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் பரசூட் படையாள், இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றவர். கடைசியில் பிரித்தானியரிடம் பிடிபட்டு லங்காஷயர் முகாமில் கைதியாக இருந்தபோதுதான் கோலுக்குள் நிற்கத் தொடங்கினார். விடுதலை கிடைத்தும் ஊர் திரும்பவில்லை. 1949இல் மன்செஸ்டர் சிற்றி அவரைச் சேர்த்துக்கொண்டபோது ஏறத்தாழ 20,000 பேர் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். அணித்தலைவர் எரிக் வெஸ்ட்வுட் நோர்மண்டியில் சண்டை பிடித்தவர். அவர்தான் இந்த உடை மாற்றும் அறைக்குள் யுத்தம் கிடையாது என்று சொல்லி வரவேற்றார். நாசிகளுக்குத் தப்பி ஜேர்மனியிலிருந்து வந்த யூத மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மனும், ஒரு தனி மனிதனை நாட்டின் குற்றத்துக்காகத் தண்டிக்க வேண்டாம் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்.

சிறுவயதில் பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் கைப்பந்து ஆடியவர் என்பதால் ட்ரவுட்மனின் எறிக்கு அப்படியொரு தூரமும் குறியும். மற்றக் கோலிகள் கண்ணை மூடிக்கொண்டு உதைத்த காலத்தில் அவர் எறிந்த பந்திலிருந்து சிற்றியின் ஆட்டம் பிறந்தது. 1956 மே மாதம் வெம்பிளியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம், எதிரணி பேர்மிங்ஹாம் சிற்றி. முடிய ஏறத்தாழ 17 நிமிடம் இருக்கையில் எதிரணியின் பீற்றர் மேர்பியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தார், மேர்பியின் முழங்கால் அவர் கழுத்தில் மோதியது. மாற்று ஆட்டக்காரரை இறக்க முடியாத காலம் அது. தலை சுற்றச் சுற்ற நின்று காத்தார், சிற்றி 3-1 என்று வென்றது. நாலு நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கழுத்தெலும்பு முறிந்தது தெரிந்தது. சில வாரங்களில் ஐந்து வயது மகனை வாகன விபத்தில் பறிகொடுத்தார். அதற்குப் பிறகும் அதே கோலுக்குத் திரும்பி வந்து, 1964 வரை சிற்றிக்காக 545 ஆட்டங்கள் ஆடினார். ஜேர்மனி அணிக்கு ஒரு தடவைகூட ஆடவில்லை.

சேர் எங்களுக்குச் சொன்னது எறியையும் கழுத்தையும்தான். தெருவில் இறங்கி எதிர்த்தவர்களின் கதையை நான் இங்கிலாந்துக்கு வந்தபின் வாசித்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு நம்மில் எத்தனை பேர் ஒரு பையோடு இந்த நாட்டில் வந்து இறங்கினோம். குளிரில் வேலை தேடி அலைந்த அந்த நாட்களில் வெஸ்ட்வுட் சொன்ன அந்த வார்த்தையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எனக்கும் தொழிற்சாலையில் அப்படியொரு ஆள் கிடைத்தார். முதல் நாளே தன் தேநீர்க் குவளையைத் தந்து பக்கத்தில் இருத்தியவர்.

சரி, இப்போது நம் பழைய மாணவர் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிக்கு விளையாட்டுப் பொருட்கள் அனுப்பும்போது பந்தும் சீருடையும் போகின்றன. இந்த முறை சிறு பிள்ளைகளின் அளவில் கோலி கையுறைகளும் சேர்ந்து போகட்டும். அவற்றின் செலவை நான் ஏற்கிறேன். கோலிகளுக்கென்று தனியாகப் பழக்கக்கூடிய ஒருவரை ஊரில் யாருக்காவது தெரிந்தால் செயலாளருக்கு அறிவியுங்கள். கயிறு அங்கேயே கிடைக்கும்.